நானூற்றுப் பதினேழாவது விசிறி

எண்பத்து மூன்று கிராம்.
கடையில் கேட்டால் ஒரு பொட்டலம் வறுகடலை.
இருபத்து மூன்று டன் சுழலியின் விளிம்பில்
அவ்வளவு இரும்பைத்தான்
பற்றவைக்கச் சொன்னேன் இருசப்பனிடம்.
"இதுக்கா மேடம் மூணு நாளு?" என்றார்
முகமூடியை நெற்றிக்கு ஏற்றி.
இதற்குத்தான்.
நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது சுற்று.
அந்தக் கடலைப் பொட்டலம் இல்லாமல் சுற்றினால்
தாங்கியைத் தின்னும், அடித்தளத்தை உலுக்கும்,
ஒரு மாவட்டத்தின் விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஓயும்.

பதிவேட்டில் இதன் எண் நானூற்றுப் பதினேழு.
முதல் பக்கங்களில் வேற்று தேசத்துக் கையெழுத்து,
ஓரத்தில் நம் ஆள் யாரோ
பென்சிலில் கேட்ட கேள்விகள்.
முப்பத்தோராம் சுழலியில்
பென்சில் பேனாவாகிறது, ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது.
பிறகு எண்கள் ஓடுகின்றன, விட்டம் பெருக்கிறது,
ஒரு வருடத்துக்கு நான்கு பக்கம், ஐந்து பக்கம்.
அப்புறம் இரண்டு வருடம் ஒரு வரியும் இல்லை.
ஆர்டர் இல்லை. கூடத்தில் பாதி விளக்கு.
கிரேன் கொக்கியில் குளவி கூடு கட்டியதாம்.
அந்தத் தாளைக் கிழிக்காமல்
வெற்றாகவே விட்டிருக்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்கு ராணிப்பேட்டையில் வாயில் திறந்தது.
தார்ப்பாய்க்குள் சுழலி,
முன்னால் சிவப்பு விளக்கு ஜீப், பின்னால் நான்.
சிப்காட்டின் தோல் வாடையைத் தாண்டி
பாலாற்றுப் பாலத்துக்கு வர ஒரு மணி.
கீழே மணல், மணலில்
யாரோ மறந்துபோன மாதிரி ஒரு கோடு தண்ணீர்.
பாலத்தின் நடுவில் வேறு வண்டி கூடாது என்றது உத்தரவு.
இருபத்து நான்கு டயரும் நடந்து போயின.
இணைப்புக்கு இணைப்பு
சட்டம் முனகுவதை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆற்காட்டில் வளைவு. வளைவின் மேல் கம்பி.
வயர்மேன் துளுக்காணம் மூங்கிலோடு மேலேறி
"ஏரியாவ கட் பண்ணு" என்றார் போனில்.
தெரு ஒரே மூச்சில் இருண்டது.
அந்த மே மாதத்தில்
எத்தனை வீட்டு மின்விசிறிகள்
கடைசிச் சுற்றை இழுத்து இழுத்து நின்றனவோ,
அத்தனையின் அடியிலும் யாரோ புரண்டார்கள்.
கதவுகள் திறந்தன. பனியன்கள் வாசலுக்கு வந்தன.
காலண்டர் அட்டையால் குழந்தைக்கு வீசிக்கொண்டே
ஒருத்தி ஜன்னலில் கேட்டாள்:
"என்னாது அது?"
விசிறி, என்றேன்.
"அம்மாம் பெருசா? யாரு வீட்டுக்கு?"
வீட்டுக்கு இல்லை. கரண்டு எடுக்கிற இடத்துக்கு.
"காத்து வருமா?"
வராது. கொதிகலன் புகையை இழுக்கும்.
"நல்லா இருக்குது போ" என்று அட்டையை வேகமாக வீசினாள்.
எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

துளுக்காணம் கம்பியைத் தூக்கினார்.
ஒரு முழ இடைவெளியில்
நானூற்றுப் பதினேழு
குனிந்து போகிறவர் மாதிரி போனது.

வெளிச்சம் திரும்பியதும் தெரு உள்ளே போய்விட்டது.
நானும் நகர்ந்திருப்பேன்.
அவள் வீட்டுக்குள்ளிருந்து
டக், டக், டக்.
இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக்
கடந்துபோகத் தெரியாது எனக்கு.
"எத்தினி நாளா இப்படி ஆடுது?"
"வாங்குன நாளா."
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
மேக்கப் பையில் ஒட்டுநாடா, சில்லறை.
முதல் இறக்கையில் ஒரு ரூபாய்: கூடுதலாக ஆடியது.
மூன்றாவதில்: பாதி அடங்கியது.
அதை எடுத்துவிட்டு இரண்டு ரூபாய் ஒட்டினேன்.
குழந்தை கண்ணைத் திறந்து மேலே பார்த்தது,
சத்தம் எங்கே போயிற்று என்று.

போன் அடித்தது. இருசப்பன்.
"மேடம், வண்டி டெல்லி கேட்டத் தாண்டிடுச்சி.
நீங்க எங்க?"
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தச் சிவப்பு விளக்கை நோக்கி ஓடினேன்.